தூங்க வைத்த வால்

மார்ச் 4, செவ்வாய்

லாயத்துக் குதிரை சீமாட்டிக்குப் பிடரி மயிரைப் பின்னி, குட்டிக் குட்டிக் கொண்டைகளாகச் சுருட்டித் தைத்து முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனாலும் பார்லரில் மணப்பெண்களுக்குச் சிங்காரித்த காலத்தைவிட இது மேல். குதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டும்மா என்று சொல்ல நாலு அத்தைகள் வருவதில்லை.

தம்பி தயவில் கிடைத்த வேலை. பார்லரை மூடிவிட்டு வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவளை, "முடிதானேக்கா, பொண்ணு தலையா இருந்தா என்ன, குதிரை கழுத்தா இருந்தா என்ன" என்று இழுத்து வந்தான். அவன் இங்கே பயிற்சியாளன். முதலாளியம்மாவின் குதிரைகளைக் கண்காட்சிகளில் நடத்திக் காட்டிப் பரிசு வாங்குவது அவன் பாடு. அவை மைதானத்துக்குள் போகும்போது பளிச்சென்று இருக்க வேண்டியது என் பாடு.

லாயத்துக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. முகம் கழுவியாச்சா என்று கேட்டால் தண்ணீரைத் தேடக்கூடாது. மூக்கையும் வாயையும் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மீசை முடிகளை மெஷின் வைத்து மழித்தாயிற்றா என்று கேட்கிறார்கள். வாலைத் தூங்க வைப்பது என்றால், சாயங்காலம் வாலைச் சீவி, கலையாமல் துணிப்பட்டை சுற்றிக் கட்டுவது. முதல் வாரம் தம்பி பட்டையை என் கையில் கொடுத்து, "வாலைத் தூங்க வெச்சிடுக்கா" என்றான். அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

கண்காட்சி. சீமாட்டிக்கு முதல் பரிசு.

நடுவர் ஒலிபெருக்கியில் அவளை என்னமாய்ப் புகழ்ந்தார். மற்ற குதிரைகள் வாலை இப்படியும் அப்படியும் விசிறிக்கொண்டு பொறுமையில்லாமல் நிற்க, இவள் மட்டும் திரை போட்டதுபோல் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாளாம். அடக்கம் என்றால் இது அடக்கம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து லாயத்து ஆட்கள் மைதானத்து டீக்கடையில் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர், உங்க குதிரை வால் எப்படிம்மா இவ்வளவு சாதுவா இருக்கு என்று கேட்டார். நான் சும்மா இருப்பேனா? "தினம் சாயங்காலம் நான்தாங்க தூங்க வைக்கிறேன். என் கைராசி" என்றேன். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன.

திரும்பும்போது வண்டியில் தம்பியிடம் சொன்னேன். அவனும் சிரித்தான். ஆனால் கொஞ்ச தூரம் போனபிறகு, இனிமேல் வாலைப் பற்றி வெளியாளிடம் பேச வேண்டாம், கண் பட்டுவிடும் என்றான். கண்ணேறில் நம்பிக்கை உள்ளவனா இவன்?

மார்ச் 12, புதன்

வெயில் ஏறிவிட்டது. ஈ என்றால் ஈ, அப்படியொரு ஈ. டீயை மூடி வைத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

இதை எழுதிவிடுகிறேன்.

காலையில் சீமாட்டியின் பின்னங்கால்கள் முழுக்கச் சாணம். இது ஒன்றும் புதிதில்லை. தினமும் கழுவித்தான் விடுகிறேன். அழுக்குப் பெண் என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே கழுவுவேன். இன்று பக்கத்துக் கொட்டடியில் இருக்கும் கிழட்டுக் குதிரை சாணம் போடுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். எல்லாரும் அதை பென்ஷன் என்று கூப்பிடுவோம். பென்ஷன் வாலைத் தூக்கிக்கொண்டது. முடித்ததும் இறக்கியது. அவ்வளவுதான். நான் நின்றுவிட்டேன். சீமாட்டி வாலைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை.

அவள் வயிற்றில் ஈக்கள். தோலைச் சிலிர்க்கிறாள், காலை உதைக்கிறாள், தலையைத் திருப்பிக் கடிக்கப் பார்க்கிறாள். வால் மட்டும் அசையவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். விட்டேன். விழுந்தது. ஈரத்துணி கொடியிலிருந்து விழுகிற மாதிரி.

லாயம் கூட்டுகிறவரிடம் கேட்டேன். வாய் ஓயாது அவருக்கு, அதனால் பெயரே ரேடியோ. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்மா. அன்னைக்கு நீங்களே சொன்னீங்களாமே, நான்தான் தூங்க வைக்கிறேன்னு. பக்கத்து லாயம் பூரா அதே பேச்சு."

பட்டை சுற்றுவதுதானே தூங்க வைப்பது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பரிதாபப்பட்டார்.

வால் ஆரம்பிக்கிற இடத்தில் ஊசி போடுவார்களாம். சாராயம் மாதிரி ஒரு மருந்து. நரம்பு மரத்துப்போகும். அப்புறம் கோபம் வந்தாலும் வலித்தாலும் ஈ கடித்தாலும் வால் ஆடாது. குதிரை மனசில் உள்ளதை வாலில்தான் காட்டும் என்பதால், அந்த வாயை அடைத்துவிடுகிறார்கள். ஊர் உலகத்தில் இதற்குத்தான் தூங்க வைப்பது என்று பெயர். பட்டைக்கு இல்லை.

ஊசி போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இந்த லாயத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.

மார்ச் 19, புதன்

அடக்கமாம்.

நான் வேறு கைராசி என்றேன். டீக்கடையில் நின்றுகொண்டு. என்னத்தைச் சொல்ல.

மார்ச் 21, வெள்ளி

தம்பியிடம் கேட்டேவிட்டேன். சேண அறையில், கதவைச் சாத்திவிட்டு.

மறுக்கவே இல்லை. மறுப்பான் என்று எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது அவன் மறுக்காதபோதுதான் தெரிந்தது. எல்லாரும் செய்கிறார்கள், செய்யாதவன் மைதானத்துக்கு வெளியே நிற்க வேண்டியதுதான், மூன்று மாதத்தில் உணர்ச்சி திரும்பிவிடும் என்றான். எப்போது போட்டாய் என்றேன். போன மழைக்காலம் என்றான். நான் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆக, திரும்பவில்லை என்று அவனுக்கும் தெரியும்.

அப்புறம் அவன் கேட்டானே ஒரு கேள்வி.

"நீ மட்டும் என்னக்கா? புருவம் பிடுங்கறப்போ அந்தப் பொண்ணுங்க கண்ணுல தண்ணி வரலையா? சூடு வெச்சு முடியை நீட்டறப்போ காது பொசுங்கலையா? அழகுன்னா வலிக்கும்னு நீதானே சொல்லுவ."

சொல்லியிருக்கிறேன். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

"அவங்க நடந்து வந்து உட்கார்ந்தாங்கடா. வேணாம்னா எந்திரிச்சுப் போனாங்க. ஒருத்தி பாதிப் புருவத்தோடயே போனா. இவளை நீ கட்டிப் போட்டுல்ல போட்டிருக்க."

அவன் சேணத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான், சின்ன வயசிலிருந்தே மாட்டிக்கொண்டால் கையில் எதையாவது எடுத்துக்கொள்கிற பழக்கம். இவனுக்கு எறும்பைக்கூட மிதிக்க மனசு வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எந்த நாளில் இவன் இப்படி ஆனான்? நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்?

மார்ச் 23, ஞாயிறு

ஒரு அதிர்ச்சி போதாதென்று இன்னொன்று. இது என் கையால் நடந்தது.

தீவனத் தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த தானியத்தை சீமாட்டி எடுக்கப் பார்த்தாள். மூக்கைத் தொட்டி விளிம்பில் இடித்துக்கொண்டாள். மறுபடி இடித்துக்கொண்டாள். பென்ஷனைப் போய்ப் பார்த்தேன். யாரும் மழிக்காத கிழட்டு மீசை. அந்த முடிகள் விளிம்பில் பட்டதுமே நிதானித்து, உதட்டை வளைத்து, ஒரு மணி விடாமல் பொறுக்கித் தின்கிறது. குதிரைக்குத் தன் வாய்க்கு நேர் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாதாம், ரேடியோதான் சொன்னார். அப்படியானால் அந்த முடிகள்தானே அதற்கு விரல்?

விரலை மழித்துவிட்டு, முகம் கழுவினேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நல்ல நல்ல வார்த்தைகள் வைத்திருக்கிறோம்.

மெஷினை அலமாரிக்குள் போட்டுவிட்டேன். முதலாளியம்மா கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2, புதன்

கண்காட்சிச் சங்கம் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறது. வால் அசையாமல் தொங்கினால் சங்கத்தின் கால்நடை டாக்டரம்மா வந்து தூக்கிப் பார்ப்பார். உயிரில்லாத வாலாக இருந்தால் குதிரை வெளியே, பயிற்சியாளன் உரிமமும் போய்விடும்.

படித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி சாயங்காலம்வரைகூட நிலைக்கவில்லை. தம்பி வந்தான்.

சவுரி வைக்க வேண்டுமாம். மணப்பெண்ணுக்கு வைப்பதுபோல் சீமாட்டியின் வாலுக்கு. இறுக்கமாக இல்லாமல், மேலே ஒரே இடத்தில் பிடித்து, நடக்கும்போது இடுப்பு அசைவுக்குத் தானாக வீசுகிற மாதிரி. ஆடுகிற வாலை யாரும் தூக்கிப் பார்க்கமாட்டார்கள், உன் கையால் மட்டும்தான் முடியும் என்றான்.

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்த வாலை ஊசி போட்டுச் சாகடித்தாயிற்று. இப்போது அது உயிரோடு இருப்பதுபோல் நான் சோடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது இவனுக்குச் சிரிப்புகூட வரவில்லையே.

முடியாது என்றேன். ராத்திரி அம்மா போன். கூடப் பிறந்தவன் நடுத்தெருவில் நின்றால் உனக்குச் சந்தோஷமா என்று ஆரம்பித்து, அழுது, வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வைத்துவிட்டேன்.

இந்த ஒரு தடவைதான், இதற்கப்புறம் ஊசியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அதை நம்பி வைத்தேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. அம்மா அழுதாள், அது கால். மீதி கால், செய்ய முடியுமா என்று பார்க்கிற ஆசை. சனியன் பிடித்த கை இது.

மெல்லிய முடியாகப் பார்த்து, அடியில் கனமில்லாமல், காற்றுக்கே அலைகிற மாதிரி பின்னினேன். தம்பி அவளை நடத்தினான். வால் இடம், வலம், இடம், வலம். ரேடியோவே ஒரு கணம் ஏமாந்து, ஐயோ சரியாயிடுச்சா என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அது உறைத்தது, சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் குழாயை மூடிவிட்டு என்னாச்சு என்று கேட்டார். அசதி என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எதிலிருந்து தொடங்க.

நடையெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வேலியோரம் நின்றவர்கள், என்ன ஒய்யாரமான வால் என்றார்கள். பிரஷ் பையைக் கட்டிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றேன். அப்புறம் எல்லாக் குதிரைகளையும் வரிசையாக நிறுத்தினார்கள். நிறுத்தினால் சவுரி ஆடாது. அதை நானும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. நடக்கிற அழகை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஈக்கள் வந்தன. சாதா ஈ இல்லை, கடிக்கிற குதிரை ஈ. மற்ற குதிரைகள் சளார் சளாரென்று வாலை வீசிக்கொண்டு நின்றன. சீமாட்டி தோலைச் சிலிர்த்தாள். காலை உதைத்தாள். அடிவயிற்றில், தோல் மெல்லிசாக இருக்குமே அந்த இடத்தில், ரத்தம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. தலையைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். நடுவர் பார்க்கிறாரே என்று தம்பி கடிவாளத்தை வெட்டி இழுத்து முகத்தை நேராக்கினான். மறுபடி திருப்பினாள். மறுபடி இழுத்தான்.

நான் எப்போது கயிற்றுக்கு அடியில் நுழைந்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் நின்று துண்டால் வீசிக்கொண்டிருந்தேன். "அக்கா, வெளிய போ" என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது மட்டும் கேட்டது. டாக்டரம்மா வந்தார். உள்ளே வரக்கூடாது தெரியுமா, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"அவளால ஈ ஓட்ட முடியாது டாக்டர்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. டாக்டரம்மா வாலைத் தூக்கினார். விட்டார். என் சவுரியோடு சேர்ந்து விழுந்தது. யார் பண்ணினது என்று கேட்டார். அவர் தம்பியைத்தான் பார்த்துக் கேட்டார்.

தம்பி சொன்னான். "இந்த லாயத்துல வாலைத் தூங்க வைக்கிறது அக்காதான்."

பக்கத்து லாயத்து ஆள் தலையாட்டினார். அவர்மேல் தப்பில்லை. "ஆமா டாக்டர், போன மாசம் அவங்களே எங்ககிட்ட சொன்னாங்க."

துண்டைப் பிடித்தபடி தம்பி முகத்தையே பார்த்தேன். அவன் அந்த வார்த்தையைத் தேடவே இல்லை, தயாராக வைத்திருந்த மாதிரி வந்தது. எப்போதிருந்து வைத்திருந்தான்? வண்டியில் சிரித்தானே, அன்றைக்கேவா?

ஏப்ரல் 14, திங்கள்

அவனைத் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் நான். என் இடுப்பில்தான் வளர்ந்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

விசாரணை இருபத்தெட்டாம் தேதி.

அம்மா நேரிலேயே வந்துவிட்டாள். உனக்கென்ன, கையில் தொழில் இருக்கிறது, மறுபடி பார்லர் வைத்துக்கொள்வாய், அவனுக்கு இதைவிட்டால் என்ன தெரியும் என்று கேட்டாள். நான்தான் போட்டேன் என்று நீ நம்புகிறாயா என்றேன். "நான் நம்புறது முக்கியமாடீ" என்றாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறாள். நான் எழுந்து போய்ச் சோறு வடித்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்காரர் மட்டும், உன் பேர் கெட்டுப் போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன் என்றார். தம்பியை மாட்டிவிடு என்றும் சொல்லவில்லை. இந்த மனுஷனிடம் எதையும் முழுசாக வாங்க முடியாது.

ஏப்ரல் 28, திங்கள்

முடிந்தது.

ஊசி போட்டது நானில்லை, சவுரி வைத்தது நான் என்றேன். அப்படியானால் போட்டது யார் என்று டாக்டரம்மா கேட்டார். தம்பி என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். எங்கள் முட்டி ரெண்டும் இடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவு சின்ன அறை.

"தெரியும் டாக்டர். ஆனா அது அவங்க வாயாலயே வரட்டும்."

காத்திருந்தார்கள். தம்பி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

சொல்வான் என்று நினைத்தேன். கடைசி நொடிவரை, டாக்டரம்மா பேனாவை எடுக்கிறவரைக்கும். சவுரியையும் டீக்கடைப் பேச்சையும் வைத்து ஊசியும் நான்தான் என்று எழுதிவிட்டார்கள், இனி எந்தக் கண்காட்சியிலும் நான் குதிரையைத் தொடக்கூடாது. அவன் உரிமம் தப்பியது, அவனுக்கு எச்சரிக்கை மட்டும். வெளியே வந்ததும் "அக்கா" என்று கூப்பிட்டான். "நீ சொல்ற வரைக்கும் எனக்குத் தம்பி கிடையாது" என்றேன். தெருவில், நாலு பேர் பார்க்க.

மே 11, ஞாயிறு

லாயத்துக்குள் எனக்கு அனுமதி இல்லை. ரேடியோ பின்கேட்டைத் திறந்துவிட்டார்.

சீமாட்டியைப் பின்பக்கத்துப் புல்வெளிக்குத் தள்ளிவிட்டார்கள். நரம்பு செத்துவிட்டது, இனி வராதாம். கூட பென்ஷன் மட்டும். குதிரைகள் ஒன்றின் தலை மற்றதன் வால் பக்கம் இருக்கும்படி ஜோடியாக நிற்கும். இதன் வால் அதன் முகத்து ஈயை ஓட்டும், அதன் வால் இதன் முகத்து ஈயை. பென்ஷன் வந்து அப்படி நின்றது. இவள் முகத்துக்கு வாலை வீசியது. தன் முகத்துக்கு ஒன்றும் வரவில்லை. தலையை உதறியது. இன்னும் கொஞ்சம் நின்றது. அப்புறம் நகர்ந்து நிழலுக்குப் போய்விட்டது. இவள் பின்னாலேயே போனாள். அது மறுபடி நகர்ந்தது.

வாய்விட்டு அழுதேன். மீசை முளைத்திருக்கிறது அவளுக்கு. என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு மேயப் போனாள். முகத்துக்கு ஈ அண்டாத வலை தைத்துக் கட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலங்களில் உங்கள் தம்பியும் வேலியோரம் வந்து நிற்கிறார் என்று ரேடியோ சொன்னார். என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பழைய பார்லர் இருந்த தெருவிலேயே ஒரு அறை பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தம்பி போன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. கண்காட்சி மைதானத்திலிருந்து பேசினான், ஒலிபெருக்கி கேட்டது.

புதுக் குதிரையோடு போனானாம். அஞ்சாவது இடம்.

"வால்?" என்றேன்.

"ஆடிச்சுக்கா. பூரா நேரமும் ஆடிச்சு. நடுவர் மார்க்கை வெட்டிட்டாரு."

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான். போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. ஈரச் சுவரில் பிரஷை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தரையெல்லாம் சுண்ணாம்பு.

இருட்டுகிற நேரத்தில் இன்னொரு போன். அவன்தான் என்று நினைத்து வெடுக்கென்று எடுத்தேன். டாக்டரம்மா.

"உங்க தம்பி இங்க என் முன்னாடி உட்கார்ந்திருக்கார். ஒண்ணு சொல்லணுமாம். நீங்களும் கேட்டாத்தான் சொல்லுவேன்கிறார். ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். போடுங்க டாக்டர் என்றேன்.